சோடனையும் சோதனையும்

2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீலங்கா" வேலைத்திட்டம் ஆரம்பமானதோடு பொலிஸார் வீதியில் இறங்கி, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டப்பட்டிருந்த சாமான்களைக் கழற்ற வைத்தது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கலர் லைட்டுகள், காதைக் கிழிக்கும் ஹோர்ன்கள், முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகள் என்று பலதும் கழன்றன. பஸ்காரர்களும் ஓட்டோக்காரர்களும் ஆட்சேபித்தார்கள். பத்திரிகைகளில் சில நாள் அதுவே பேச்சாக இருந்தது. பிறகு வேறு செய்தி வந்துவிட்டது. ஆனால் வாகன உபகரணக் கடைகளில் அந்தப் பேச்சு ஓயவில்லை. முன்பெல்லாம் கடைக்கு வருகிற கார்க்காரர் கேட்கிற கேள்வி "கடைசி விலை என்ன?" என்பதுதான். இப்போது விலையைக் கேட்பதற்கு முன்பே, "இதைப் பூட்டினால் பொலிஸ் பிடிக்குமா?" என்று கேட்கிறார்.

முப்பது வருடமாக இந்த வியாபாரத்தில் இருக்கிற நான் சொல்வது இதுதான். அந்தக் கேள்வியை வாடிக்கையாளர் கேட்க வேண்டி வந்ததே இந்தத் தொழிலுக்குக் கௌரவக் குறைவு. கேட்காமலேயே சொல்ல வேண்டியவன் விற்கிறவன்.

இது சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். பிளாஸ்டிக் துண்டு, ஸ்டிக்கர், குரோம் பட்டி விற்பதில் என்ன பெரிய பொறுப்பு என்று கேட்கலாம். எமது நாட்டில் கார் என்பது என்ன என்று யோசித்துப் பார்த்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம். அதற்குள் 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. இந்தக் காலத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்திடம் இருந்த பழைய அக்சியோவோ விட்ஸோ வெறும் வாகனமாக இருக்கவில்லை, வீடு வளவுக்கு அடுத்த சொத்தாகிவிட்டது. வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்கு விற்றவர்கள் எத்தனையோ பேர். மகளின் கலியாணத்துக்கு காரை விற்றவர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட சொத்தின் மேல்தான் நாம் துளை போடுகிறோம், டேப் ஒட்டுகிறோம், வயரை வெட்டுகிறோம்.

புதிய கார் வாங்க முடியாதவன் இருக்கிற காரை அழகுபடுத்தினான். இந்த வியாபாரம் அந்த ஐந்து வருடத்தில் தாக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இறக்குமதி திறந்த பிறகும் வரி கட்டிப் புதியது எடுக்க எல்லோராலும் முடியவில்லை. எனவே பழைய காருக்குச் சோடனை செய்கிற ஆசை இனியும் குறையப் போவதில்லை. ஆசையில் பிழையில்லை. தன் வாகனம் பார்வையாக இருக்க வேண்டும் என்று நினைப்பது மனித சுபாவம். எதைப் பூட்டுகிறோம், எப்படிப் பூட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் நல்ல சாமான்களைச் சொல்லி விடுகிறேன். டோர் வைசர் எங்கள் காலநிலைக்கென்றே செய்தது போன்ற ஒன்று. மழையில் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைக்கலாம். வெயிலில் நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கிற சூடு வெளியேறும். மட் ஃபிளாப் இல்லாத காரின் கதவுக்குக் கீழ்ப் பகுதியை நமது கிராமத்துப் பாதையில் ஒரு வருடம் ஓடிய பின் பாருங்கள், கல் தெறித்து பெயின்ட் கொத்துக் கொத்தாக உதிர்ந்திருக்கும். கதவின் நடுவே ஒட்டுகிற சைட் மோல்டிங், நெருக்கமான வாகனத் தரிப்பிடத்தில் பக்கத்துக் கார்க்காரன் கதவைத் திறக்கும்போது படுகிற அடியை வாங்கிக்கொள்ளும். இந்த மூன்றும் அழகும் தரும், காவலும் தரும்.

ஆனால் நல்ல சாமானும் பூட்டுகிற கையில் கெட்டுப்போகும். மட் ஃபிளாப் பூட்டுவதற்கு பல கார்களில் கம்பனியே கிளிப் துளை வைத்திருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கப் பொறுமையில்லாமல் ட்ரில்லை எடுத்து பொடியில் துளைத்து ஸ்குரூ அடிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். துளைத்த இடத்தில் பெயின்ட் போய் வெறும் தகரம் வெளியே தெரியும். சக்கரம் அடிக்கிற சேறும் தண்ணீரும் நேரே அங்குதான் படும். அங்கிருந்து துரு புறப்படும். கல்பிட்டி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வாகனச் சொந்தக்காரர் அதைக் காணும்போது டிங்கரிங் வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். மட் ஃபிளாப்பின் விலையைப் போலப் பல மடங்கு அதற்குப் போய்விடும்.

டேப் ஒட்டுகிற வேலையும் அப்படித்தான். ஒட்டுகிற இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மெழுகு பொலிஷ் எல்லாம் நீக்கி, காய விட்டு, அழுத்தி ஒட்டி, "ஒரு நாளைக்கு கழுவ வேண்டாம்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். மழை தூறும்போது கடை வாசலில் வைத்து ஈரத்தின் மேல் ஒட்டிக் கொடுத்தால் அந்த வைசர் அதிவேகப் பாதையில் பறக்கும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவனின் முகத்தில் போய்ப் படலாம்.

குரோம் சாமான்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழியில் ஒட்டுகிற குரோம் கிண்ணம், பெற்றோல் மூடிக்கு மேல் ஒட்டுகிற குரோம் தட்டு, லைட்டைச் சுற்றி ஒட்டுகிற குரோம் வளையம் எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்கு மேல் முலாம் பூசியவை. முதல் ஆறு மாதம் பளபளக்கும். பிறகு ஓரங்களில் முலாம் உரியும். அதற்கும் பொடிக்கும் இடையில் தூசும் தண்ணீரும் தங்கி, அதிர்கிற ஒவ்வொரு தடவையும் பெயின்டை அராவிக்கொண்டே இருக்கும். கழற்றிப் பார்க்கும்போது அடியில் ஒரு மங்கிய வளையம் நிரந்தரமாக இருக்கும். கேட்டு வருகிறவருக்கு நான் விற்க மாட்டேன் என்று சொல்வதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பேன். பாதிப் பேர் வேண்டாம் என்று போய்விடுவார்கள். மற்றப் பாதிப் பேர் தெரிந்துகொண்டே வாங்குகிறார்கள், அது அவர்கள் விருப்பம்.

இனி அலோய் வீலுக்கு வருவோம். காரின் தோற்றத்தை ஒரே நாளில் மாற்றக் கூடியது இதைப் போல வேறொன்றில்லை. பொய்யும் இதில்தான் அதிகம்.

டொயோட்டா அக்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகமான அக்வாக்கள் 175/65, 15 அங்குல டயரில் வந்தவை. ஜப்பானில் கம்பனியே 195/50, 16 அங்குல டயரையும் அதே காருக்குக் கொடுத்தது. இரண்டின் மொத்த உயரத்தையும் கணக்குப் போட்டால் முதலாவது சுமார் 608 மில்லிமீற்றர், இரண்டாவது சுமார் 601. ஏறக்குறைய சமம். எனவே 16 அங்குலம் போடலாம், பிழையில்லை. ஆனால் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். முதலாவதில் 114 மில்லிமீற்றர் அளவில் இருக்கிறது, இரண்டாவதில் 97 மில்லிமீற்றர்தான். குழியில் இறங்கும்போது அடியை வாங்குகிற ரப்பர் 16 மில்லிமீற்றருக்கு மேல் குறைந்துவிட்டது. அந்த அடி இனி ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகும். கொழும்பில் ஓடுகிறவருக்கு இது பரவாயில்லை. உள்ளூர்ப் பாதையில் தினமும் போய் வருகிற ஆசிரியருக்கு இது பொருத்தமில்லை. அதோடு எடை கூடிய ரிம் போட்டால், எரிபொருளை மிச்சப்படுத்தவென்று வாங்கிய ஹைபிரிட் காரின் நோக்கமே கெட்டுப்போகும். சிலர் 17 அங்குலம் கேட்கிறார்கள். அதை வெட்டித் திருகிப் பூட்டிக் கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நான்கு நட், 100 மில்லிமீற்றர் என்று அளவு சரியாக இருந்தால் எந்த ரிம்மும் பொருந்தும் என்று நினைப்பதும் தவறு. டொயோட்டாவின் சிறிய கார்களில் ஹப்பின் விட்டம் 54.1 மில்லிமீற்றர். வெளிக் கம்பனிகளின் அலோய்களில் நடுத் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராமல், வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வாடிக்கையாளர் அலைன்மென்ட் கடைக்கும் பலன்சிங் கடைக்கும் மாறி மாறி அலைவார், நோய் எங்கே என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நட் விஷயம் இன்னும் பாரதூரமானது. டொயோட்டா கம்பனி அலோய்களில் பலவற்றுக்குத் தட்டையான வொஷர் வைத்த நட் வரும். வெளி அலோய்களுக்கு அநேகமாகக் கூம்பு வடிவ நட் தேவை. பழைய நட்டையே திரும்பப் போட்டு முறுக்கி அனுப்பினால் அது பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. ஒரு செட் நட்டின் விலை எவ்வளவு? அதை மிச்சம் பிடிக்கப் போய் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவனின் சக்கரத்தோடு விளையாடுவதா?

ஜப்பான் அலோய் என்று சொல்லி விற்பவரிடம் ரிம்மில் ஜே.டபிள்யூ.எல். என்ற அடையாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது ஜப்பானின் அலோய் சக்கரத் தர முத்திரை. அதோடு வி.ஐ.ஏ. முத்திரையும் இருந்தால் இன்னும் நல்லது, அது வேறொரு அமைப்பு பரிசோதித்ததற்கான அடையாளம். முத்திரையையும் போலியாக அச்சடிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதுகூட இல்லாத ஒன்றை ஜப்பான் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச்சு எதற்கு? பாவித்த அலோய் வாங்கினால் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெடித்ததை வெல்டிங் செய்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்தது அங்கேதான் தெரியும்.

லைட் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையானவன். சாதாரண ஹலோஜன் ஹெட் லைட்டில் உள்ள கண்ணாடிக் கிண்ணம், பல்பின் இழை எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது. அதற்குள் எச்.ஐ.டி. பல்பையோ மலிவான எல்.ஈ.டி. பல்பையோ சொருகினால் வெளிச்சம் வருகிற இடம் மாறிவிடுகிறது. சொந்தக்காரருக்கு வெள்ளை வெளேரென்று தெரியும், வீதி தெளிவாகத் தெரிகிறது என்று சந்தோஷப்படுவார். எதிரே வருகிறவனுக்குக் கண் இருண்டுவிடும். இரவில் புத்தளம் வீதியிலோ மட்டக்களப்பு வீதியிலோ ஓட்டியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கம்பனி எச் 4 பல்பு 60/55 வோட்ஸ். அதற்குப் பதிலாக 100/90 வோட்ஸ் பல்பு போட்டு ரிலே கூடக் கொடுக்காமல் விட்டால் ஹோல்டரும் வயரும் உருகும். இதை விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பழைய கார்களின் ஹெட் லைட் மூடி வெயிலில் மஞ்சளாகிப் போயிருக்கும். அதை அராவிப் பொலிஷ் செய்து, மேலே வெயில் தாங்கும் பூச்சு பூசினால் வெளிச்சமும் கூடும், காரின் முகமும் ஐந்து வயது குறையும். செலவும் சொற்பம். ஆனால் பெட்டியில் வருகிற சாமானாக இல்லாததால் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. மலையகத்துக்குப் போய் வருபவர் மஞ்சள் பொக் லைட் கேட்டால் அது நியாயமான தேவை, சரியான இடத்தில் தாழ்வாகப் பூட்டிக் கொடுக்கலாம்.

முன்னால் பூட்டுகிற கிராஷ் பார் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். காரில் அது கூடாது. காரின் முன்பகுதி, மோதும்போது நசுங்கி அடியைத் தன்னில் வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. சேசியில் இறுக்கிய இரும்புக் கம்பி அந்த அடியை நேரே உள்ளே அனுப்புகிறது. எயார் பேக் திறக்க வேண்டிய கணமும் பிசகலாம். நடந்து போகிறவன் மேல் பட்டால் பிளாஸ்டிக் பஃபர் படுவது போல் இராது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு அறிவித்தது. "நானா, பாதுகாப்புக்குத்தானே கேட்கிறேன்" என்று வருகிற இளைஞர்களிடம் நான் சொல்வது, "தம்பி, அது உங்கள் பஃபருக்குத்தான் பாதுகாப்பு, உங்களுக்கு இல்லை" என்பதுதான்.

பொடி கிட், ஸ்பொய்லர், ஸ்கேர்ட் என்பவை இளைஞர்களின் பிரியம். டொயோட்டாவுக்கு மொடலிஸ்டா, டி.ஆர்.டி., ஹொண்டாவுக்கு முகென், நிசானுக்கு நிஸ்மோ என்று ஜப்பானில் பெயர் பெற்றவை உண்டு. ஒறிஜினல் சாமான் காரோடு வந்திருந்தால் அதற்கு விற்கும்போதும் மதிப்பிருக்கிறது. இங்கே கடைகளில் தொங்குவதில் பல, அவற்றை அச்செடுத்து ஃபைபரில் வார்த்தவை. ஃபைபர் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எமது நாட்டில் நல்ல ஃபைபர் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், உடைந்தால் ஒட்டவும் முடியும். ஆனால் அது வளையாது, வெடிக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்லி, உள்ளூர் ஃபைபர் என்று பில்லில் எழுதி, அதற்குரிய விலைக்கு விற்பது வியாபாரம். அதன் மேல் ஜப்பான் கம்பனியின் ஸ்டிக்கரை ஒட்டி மூன்று மடங்கு விலை சொல்வதற்கு வேறு பெயர் இருக்கிறது.

வெகன் ஆர் எஃப்.எக்ஸ். காரின் முன்பகுதியை மாற்றி ஸ்டிங்ரே ஆக்குகிற வழக்கம் ஒன்று இருந்து வருகிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்னாளில் வாங்க வருகிறவர் சேசி இலக்கத்தை வைத்துப் பார்ப்பார். பார்த்ததும் அவர் மனதில் முதலில் எழுகிற கேள்வி, "முன்னால் அடிபட்ட காரா?" என்பதுதான். உண்மையில் அடிபடாத கார் கூட அடிபட்ட காரின் விலைக்கு இறங்கிவிடும். இலங்கையில் பாவித்த கார் வாங்குகிறவர் ஒறிஜினல் பெயின்டையும் ஒறிஜினல் பாகத்தையும் தேடுகிறவர். எனவே கடையில் கழற்றுகிற பழைய கிரில், பழைய ரிம், வீல் கப், பழைய லைட் எதையும் கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். விற்கிற நாளில் அதற்குப் பெறுமதி தெரியும். "பழையதைக் கொடுத்தால் விலையில் குறைத்துத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொன்னால், அவருக்கு அதன் பெறுமதி தெரியும் என்று அர்த்தம்.

முழுக் காருக்கும் நிறத் தாள் ஒட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. வாகனப் பதிவுப் புத்தகத்தில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது. காரின் நிறம் ஒன்று, புத்தகத்தின் நிறம் ஒன்று என்றால் வீதியில் நிறுத்தப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பெரிய மாற்றம் எதைச் செய்தாலும் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து விடுங்கள். விபத்து நடந்த பிறகு அறிவிப்பதில் பிரயோசனமில்லை.

இனி அரசாங்கத்தின் பக்கம். எமது மோட்டார் வாகனச் சட்டத்தின் அடிப்படை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். திருத்தங்கள் பல வந்திருக்கின்றன. ஆனால் ஒரு சாதாரண கடைக்காரன், ஓர் ஓட்டோச் சாரதி, எதைப் பூட்டலாம் எதைப் பூட்டக் கூடாது என்பதைப் படம் போட்டு மூன்று மொழியிலும் கடைச் சுவரில் தொங்கவிடக் கூடிய ஒரு பட்டியலாகத்தான் கேட்கிறான். சட்டப் புத்தகத்தின் பிரிவுகள் அவனுக்குப் புரியாது. துறைமுகத்தில் வரி எடுக்கும்போது பிழையாகத் தெரியாத ஒரு சாமான், வீதியில் ஏழைச் சாரதியின் வண்டியில் ஏறிய பிறகு பிழையாகத் தெரிவது நியாயமில்லை. கூடாத சாமானை வாசலிலேயே நிறுத்துங்கள், கொள்கலனோடு நிறுத்துங்கள். ஒருவரும் நட்டப்பட மாட்டார்கள், இறக்குமதி செய்தவரைத் தவிர. அவர் அடுத்த முறை கேட்டுக்கொண்டு இறக்குவார்.

அரசாங்கம் பட்டியல் தரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டும் என்றும் இல்லை. பஞ்சிகாவத்தையிலும் ஊர்களிலும் நம்மவர்கள் இந்தத் தொழிலில் கணிசமாக இருக்கிறார்கள். "நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் கொடுப்பான்" என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். கொடுக்கட்டும். அந்தச் சாமானில் வருகிற லாபம் ஒரு தடவை வருவது. பொலிஸ் கழற்ற வைத்த அன்றைக்கு அந்த வாடிக்கையாளர் யாருடைய கடையைத் திட்டிக்கொண்டு நிற்பார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கழற்றிய சாமானைத் திருப்பிக் கொண்டு வந்தால் எடுக்கிற கடையும் இல்லை.

புதிதாகக் கடை போட நினைக்கிற தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். மலிவுச் சாமானைக் கூரை வரை அடுக்குவதில் முதலைப் போடாதீர்கள். மொடல் மாறினால் அது அத்தனையும் குப்பை. விட்ஸ் வைசர் அக்வாவுக்குப் பொருந்தாது. முதலில் ஒரு நல்ல பூட்டுகிற பையனைத் தேடுங்கள். கிளிப் எங்கே இருக்கிறது, எந்த வயரைத் தொடக் கூடாது, எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவன். அவனுக்கு நல்ல சம்பளம் கொடுங்கள். டோர்க் ரென்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பூட்டுக் கூலியைச் சாமான் விலையோடு கலக்காமல் பில்லில் தனியாக எழுதுங்கள். அதற்குக் கீழே சாமானின் பெயர், எந்த நாடு, புதியதா பாவித்ததா, எத்தனை மாதம் பொறுப்பு என்பதையும் எழுதி, கையொப்பம் வைத்துக் கொடுங்கள். பில் கேட்காதவருக்கும் கொடுங்கள்.